கண்டக்டர் கிழிக்காத கார்டுகள்

வேல்சாமி அந்தத் தகரப் பெட்டியை மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல் வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மாடியேறி வந்து என் மேசையில் இறக்கியபோது அவர் சட்டையின் முன்பக்கம் முழுக்கத் துரு.

"எங்க மாமா பெட்டி அண்ணாச்சி. நீங்க பழைய காயிதமெல்லாம் வாங்கி வைக்கியளாமே."

"வைப்போம். ஆனா எடைக்கு இல்லை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இந்த ஊரில் அவ்வளவுதான் மரியாதை.

மாமாவின் பெயர் முப்பிடாதி. சங்கரன்கோவிலுக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ் ஒன்றில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருடம் காலமாகிவிட்டார். அவர் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது பாத்திரம் பண்டங்களைப் பிரித்து எடுத்துக்கொண்ட சொந்தக்காரர்கள், இந்தப் பெட்டியை மட்டும் ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

"ஏன், உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்களே திறந்து பாருங்க. நான் கீழ வண்டிக்கிட்ட நிக்கேன்."

நிற்கவில்லை. வண்டி கிளம்பிப் போகிற சத்தம்தான் கேட்டது.

மேலே காப்பகம், கீழே கல்யாணம்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது சங்கரன்கோவிலில், ஒரு சின்ன மண்டபத்தின் மாடியில் இருக்கும் வட்டார வரலாற்று ஆவணக் காப்பகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். மண்டபத்துச் சொந்தக்காரரான சுப்பையா அண்ணாச்சிதான் எங்கள் அறக்கட்டளைக்குத் தலைவர். மாடியில் இரண்டு அறைகளை வாடகையில்லாமல் தந்திருக்கிறார். கீழே காதுகுத்து, சடங்கு, நிச்சயதார்த்தம் என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். மைக்கில் யாராவது "ஹலோ, ஹலோ" என்று ஊதுவார்கள். சாம்பார் வாசனை படியேறி வரும். மாடிக்கு ஆள் வருவது அபூர்வம்.

ஆவணம் என்றதும் செப்பேடு, ஜமீன் பத்திரம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவையெல்லாம் பெரிய ஊர்களுக்குப் போய்விட்டன. எங்களிடம் இருப்பவை தனிமனிதர்களின் காகிதங்கள். சிவகிரியில் மருத்துவச்சியாக இருந்த ஒரு அம்மாளின் குறிப்புகள், விசைத்தறி ஓட்டியவரின் பாட்டுப் புத்தகங்கள், ஒரு தலைமையாசிரியருக்கு வந்த வாழ்த்து மடல்கள். ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, பெயின்ட் அடிக்கிற பிரஷால் தூசி தட்டி, இது யாருடையது, என்ன, எந்த நிலையில் இருக்கிறது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று விளக்கத்தாள் எழுதுவது என் வேலை.

சுவரில் இரண்டு விதிகளை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்று, கிடந்தது கிடந்தபடி இருக்க வேண்டும். அதாவது, ஒருவர் தன் காகிதங்களை எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதை நாம் கலைக்கக் கூடாது. இரண்டாவது, எந்தக் காகிதமும் இந்தப் படியிறங்கக் கூடாது. விதியைப் படிக்க என்னைத் தவிர ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து நான் மட்டும் சாப்பிடுவேன். கீழே பந்தி நடக்கிற நாட்களில் சாப்பாடு இறங்காது. அவ்வளவு பேர் சேர்ந்து அப்பளம் நொறுக்குகிற சத்தத்தை நீங்கள் தனியாக இருந்து கேட்டதில்லை என்றால், நான் சொல்வது புரியாது.

பெட்டிக்குள்

பெட்டியில் ஒரு விசில், ஓரம் கிழிந்த தோல் பை, மூக்குக்கண்ணாடிக் கூடு. அவற்றுக்கு அடியில், அந்தக் காலத்தில் வீடுகளில் கடிதம் குத்தி மாட்டுகிற வளைந்த கம்பி. கம்பியின் அடி முதல் நுனி வரை, நெருக்கி நெருக்கிக் குத்தப்பட்ட கார்டுகள்.

எல்லாம் கருமாதிக் கார்டுகள்.

வேல்சாமி ஏன் ஓடினார் என்று புரிந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவி, வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். கருமாதிக் கார்டு வந்தால் வாசலிலேயே நின்று படித்துவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் போகக் கூடாது. துட்டிக் காகிதத்தை உள்ளே வைத்தால் அடுத்த சாவை அது கூப்பிட்டுவிடும் என்று பயம். இதனால் எங்கள் காப்பகத்தில் ஒரு வினோதம் உண்டு. இந்த வட்டாரத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்று என்னால் சொல்ல முடியும். யார் எப்போது செத்தார்கள் என்பதற்குக் காகிதமே கிடையாது. அலமாரி அலமாரியாக மாப்பிள்ளைகளும் பெண்களும் இருக்கிறார்கள், ஒருவரும் சாகவில்லை.

இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. கும்பிடுகிற கை இரண்டைப் போட்டுவிட்டு அழித்துவிடுகிறோம். கிழிக்கிற வேலை மிச்சம்.

வேல்சாமிக்குப் போன் செய்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார்.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. எங்க வீட்டுல கர்ப்பிணி இருக்கா. அதான் ஒருத்தரும் உள்ள விட மாட்டேன்னுட்டாவ."

"உங்க மாமா ஏன் இதையெல்லாம் வச்சிருந்தார்?"

"நாங்களும் சண்டை போட்டுப் பாத்தாச்சு. 'பகல் பூரா டிக்கெட்டு கிழிக்கேன். ரூமுக்கு வந்தும் கிழிக்கணுமால'ன்னு கேப்பாவ. 'எனக்குப் பொண்டாட்டியா பிள்ளையா, தீட்டு வந்து எதைப் பிடிக்கப் போவுது'ம்பாவ. ஒத்தக்கட்டை மனுசன். என்னத்தச் சொல்ல?"

எத்தனை கோமதி

மறுநாள் விளக்கத்தாள் எழுத உட்கார்ந்தேன். கம்பியிலிருந்து எதையும் கழற்றவில்லை. ஒவ்வொன்றாக விசிறி மாதிரி விலக்கி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படித்தேன்.

பின்பக்கத்தில் அவர் எழுதியிருந்தார். குலுங்குகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய கை. எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"போனேன். பிள்ளைகள் சிறுசு."

"போகலை. டியூட்டி. மறுவாரம் போய் எட்டிப் பார்த்தேன்."

"போனேன். மழை. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை."

"போனேன். இவர் எப்போதும் படியில்தான் நிற்பார். ஒரு நாளும் விழவில்லை."

சொந்தக்காரர்கள் இல்லை. பஸ்ஸில் வந்து போனவர்கள். அந்தந்த வீட்டார் பழக்கத்துக்காகக் கண்டக்டருக்கும் ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் அவர் வருவார் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள். அவர் போயிருக்கிறார்.

படித்துக்கொண்டே வந்தபோது ஒரு கோமதி வந்தது. அம்மன் பெயர் கோமதி என்பதால் எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கோமதி மேலாவது, ஒரு கோமதிநாயகம் மேலாவது விழும். பெயர்ப் பட்டியல் போடுகிறவனுக்கு இந்த ஊரைப் போல் தலைவலி வேறில்லை. அந்தக் கம்பியிலேயே ஏற்கெனவே நிறைய கோமதிகளைத் தாண்டி வந்திருந்தேன். அதனால் இதையும் பழக்கத்தில் தாண்டப் போனேன். பெயருக்குப் பக்கத்தில் "ஆசிரியை, வாசுதேவநல்லூர்" என்றிருந்தது. கார்டின் அடியில் என் பெயர் இருந்தது.

என் மனைவியின் கார்டு.

ஒரு வரி

அந்தக் கார்டைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது முகூர்த்த மாதம். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்திருக்கிறது. என் மைத்துனன்தான் கார்டு அடிக்கப் போனான். கம்ப்யூட்டரில் இருந்தவர் ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, பெயர்களை மாற்றி, விஷயத்தை மாற்றி, கடைசி வரியை மாற்ற மறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கான கார்டின் அடியில், என் பெயருக்கு மேலே, "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று அச்சாகி வந்துவிட்டது.

காலமெல்லாம் அடுத்தவர் பிழையைப் பொறுக்கிச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த ஒரு புரூஃபை என்னிடம் யாரும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அன்று எனக்குக் கண் தெரிந்திருக்காது. மைத்துனன் தலையிலடித்துக்கொண்டு, பேனாவை வைத்து அந்த வரியை ஒவ்வொரு கார்டாக அடித்தான். அதற்குள் சில கார்டுகள் கை மாறிப் போய்விட்டன.

அடித்ததும் அடிக்காததுமாக எல்லாக் கார்டையும் ஊர் கிழித்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் பெயரும் என் பெயரும் சேர்ந்து அச்சான காகிதம் இரண்டுதான். எங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கரையான் தின்றுவிட்டது. இது மற்றொன்று.

கண்டக்டருக்குப் போன கார்டில் அந்த வரி அடிபடவில்லை. பின்பக்கத்தைத் திருப்ப எனக்குப் பயமாக இருந்தது. "போகலை" என்று இருந்துவிட்டால் என்ன செய்வது? ஆளையே தெரியாத ஒருவர் வரவில்லை என்று இப்போது வருத்தப்படுவதும் பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் பயந்தேன்.

திருப்பினேன்.

"போனேன். நல்வரவு என்று போட்டிருந்தது. வாசலில் ஒருவரும் வா என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாதே. டீச்சர் பஸ்ஸுக்கு ஓடி வராது. நாங்கள் நிற்போம்."

துட்டி வீட்டில் வந்தவரை "வாங்க" என்று சொல்லக் கூடாது. போகிறவரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். அன்று நான் சாமியானாவின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யார் யாரோ வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் முப்பிடாதி. எந்தக் கை என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

நான் மதுரையில் வேலை பார்த்ததால் வாரம் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவேன். மற்ற நாட்களில் அவள் எப்படிப் பள்ளிக்கூடம் போனாள், எங்கே உட்கார்ந்தாள், யாரிடம் சிரித்தாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு பஸ் நிறைய ஆட்கள் அவளுக்காகக் காத்திருந்ததும், அவள் அவசரப்படாமல் நடந்து வந்ததும் எனக்குத் தெரியாது. வீட்டிலும் அவள் அப்படித்தான். எதற்கும் ஓட மாட்டாள். நான்தான் கத்துவேன்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இதைச் சொல்லத் தோதான ஆள் அவள் ஒருத்திதான். போனை வைத்துவிட்டேன்.

தலைவர் வந்தார்

இரண்டு நாள் கழித்து, கீழே ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்க்க வந்த சுப்பையா அண்ணாச்சி, அப்படியே மாடிக்கும் ஏறி வந்தார். அவர் என் வயதுக்காரர். அன்புக்கும் கோபத்துக்கும் ஒரே குரல்தான் அவருக்கு.

"என்னவே, ஃபேனையும் போடாம புழுங்கிட்டுக் கெடக்கீரு?"

"காத்துல கார்டு படபடங்குது அண்ணாச்சி."

"என்ன கார்டு?" என்று குனிந்து பார்த்தவர், கையைச் சுட்டுக்கொண்டவர் போல் பின்வாங்கினார். "கருமாதிக் கார்டா? இம்புட்டுமா? நல்ல ஆளுவே நீரு! கீழ தாம்பூலம் மாத்தப் போறாங்க. மேல துட்டிக் கட்டை விரிச்சு வச்சுட்டு உக்காந்திருக்கீரு. மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒருத்தன் கண்ணுல பட்டா, இந்த மண்டபத்துப் பக்கம் எவன்வே வருவான்?"

"இது ஒரு மனுசன் சேத்து வச்சது. நாம வாங்கி..."

"வரலாறு மயிரெல்லாம் எனக்கும் தெரியும். இப்பவே கிழிச்சுப் போட்டுரும்."

"கிழிக்க மாட்டேன்."

"என்னது?"

"கிழிக்க மாட்டேன் அண்ணாச்சி. இது உங்க பேருக்கு வந்ததா, என் பேருக்கு வந்ததா? யார் பேருக்கு வந்துச்சோ அவரே கிழிக்கலை."

அவர் என்னையே பார்த்தார். வியாபாரம் செய்தே வளர்ந்தவர். ஆளைப் படிக்கத் தெரிந்தவர்.

"உம்ம வீட்டுக் கார்டும் இதுல கெடக்கோ?"

நான் தலையை மட்டும் அசைத்தேன். அவரும் அந்தப் பதினாறுக்கு வந்தவர்தான். அவருக்குப் போன கார்டையும் அவர் கிழித்துத்தானே இருப்பார்.

குரலை இறக்கி, "சரி, அதை மட்டும் உருவி எடுத்துக்கிடும். மத்ததைக் கிழிச்சிரும்" என்றார்.

அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எனக்கும் ஆசை வந்தது. கம்பியைக் கையில் எடுத்தேன். அவளை எடுக்க வேண்டுமானால் அவளுக்கு மேலே குத்தியிருக்கிற எல்லாரையும் கழற்ற வேண்டும். நுனியிலிருந்து ஒன்றைக் கழற்றினேன். "போனேன். தாயார் மட்டும்." இன்னொன்று. "போனேன். இவர் தூங்கிவிடுவார், நான் எழுப்பி இறக்கிவிடுவேன்." அதற்குமேல் என் கை ஓடவில்லை. இவர்கள் பெயரைச் சொல்ல அந்த வீடுகளிலேயே ஒரு காகிதம் கிடையாது. என் வீட்டுக்காரியை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு, அவள் கூடப் பயணம் செய்தவர்களைக் குப்பையில் போடுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கழற்றிய இரண்டையும் திரும்ப அதே ஓட்டையில் குத்தினேன்.

"எல்லாத்தையும் நான் எங்க வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றேன்.

"வீட்டுக்கா? துட்டிக் காயிதத்தையா? புத்தி பெரண்டு போச்சா வே உமக்கு?"

"எங்க வீட்டுல கெட்டுப்போறதுக்கு இனிமே என்ன நல்ல காரியம் பாக்கி இருக்கு அண்ணாச்சி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ மைக்கில் "ஹலோ, ஹலோ" என்றார்கள்.

"பந்தி முடியட்டும். பின்வாசல் வழியாப் போரும்" என்றார்.

இருப்பிடம்

விளக்கத்தாளை எழுதி முடித்தேன். நிலை: நன்று. வரிசை: கிடந்தபடி. இருப்பிடம் என்ற இடத்தில் என் வீட்டு விலாசத்தை எழுதும்போது, சுவரில் நான் ஒட்டிய இரண்டாவது விதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பந்தி முடிந்து, எச்சில் இலை அள்ளுகிறவர்கள் போன பிறகு இறங்கினேன். பின்வாசலில் தலைவரே நின்றிருந்தார். கையில் தாம்பூலப் பை ஒன்று. தேங்காயை எடுத்துவிட்டு வெறும் பையை நீட்டினார்.

"கம்பியைக் கையில பிடிச்சுட்டா தெருவோட போவீரு? இதுல போடும்."

மஞ்சள் பை. மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் போட்டு, சுற்றிலும் பூ அச்சடித்திருந்தது. அதற்குள் கம்பியை இறக்கினேன். அவர் இரும்புக் கதவைத் திறந்து பிடித்தார். நான் தாண்டும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எங்க ஐயா கார்டு கெடக்கா அதுல?"

"பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"சொல்லாண்டாம்" என்றார். "கெடந்தா கெடந்துட்டுப் போவுது."

பூ மார்க்கெட் வழியாக நடந்தேன். மிச்சப் பூவைக் கூடையோடு கொட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் வந்த பழக்கக்காரர் ஒருவர் பையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், விசேஷ வீட்டுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தறிச் சத்தம் கேட்கும் சந்து திரும்பி, பொழுது இறங்குகிற நேரத்துக்கு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

பூட்டுத் திறந்து, கதவைத் தள்ளி, உள்ளே கையை விட்டு விளக்கைப் போட்டேன். வழக்கமாக நேராக உள்ளே போய்விடுவேன். அன்று போகவில்லை. பையைப் படியில் வைத்துவிட்டு, ஆள் நுழைய வழி விட்டு ஓரமாக நின்றுகொண்டேன்.

"வாங்க" என்றேன். "வாங்க, வாங்க."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.